பத்தாம் இடமும் ஐந்து கோப்பைகளும்: ஓர் ஐந்தொகை

வியாபாரிகளாகிய நாம் ஒரு மாதத்து நட்டத்தைப் பார்த்துக் கடையை மூடுவதில்லை. ஒரு மாதத்து லாபத்தை நம்பி மாடி கட்டுவதும் இல்லை. வரவையும் பற்றையும் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வருகிறோம். ஆனால் மனிதர்களை எடைபோடும்போது மட்டும் இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை.

2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, பத்து அணிகளில் பத்தாவது இடத்துக்குப் போனது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. ஆய்க்குடியிலும் தென்காசியிலும் கடைத்தெருப் பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது: "பயிற்சியாளர் பிளெமிங் பழைய ஆள், அனுப்பிவிட வேண்டியதுதான்."

வணிகர் இதழில் கிரிக்கெட் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இது பந்தையும் மட்டையையும் பற்றிய கதை மட்டுமல்ல. கொள்முதல், இருப்பு, நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றிய கதையும்கூட.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். நியூசிலாந்து அணியின் முன்னாள் தலைவரான ஸ்டீபன் பிளெமிங் 2008இல் சென்னை அணிக்கு ஆட்டக்காரராக வந்து, 2009இல் பயிற்சியாளர் ஆனார். அவர் பொறுப்பில் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை கிடைத்தது. 2012, 2013, 2015, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் அணி இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. சூதாட்டப் புகாரால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணிக்குத் தடை வந்தது. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தால் பழைய வாடிக்கை திரும்புமா என்று நமக்குத் தெரியும். 2018இல் திறந்த முதல் வருடமே கோப்பை வந்தது.

அந்த 2018 அணியில் முப்பது வயதைக் கடந்தவர்கள் நிறையப் பேர். கிழவர் அணி என்று கேலி பேசினார்கள். இறுதி ஆட்டத்தில் 36 வயது வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கேலியை அடக்கினார். கைபழகிய ஆளை நம்பு, ஓரிரு ஆட்டம் தவறினால் மாற்றாதே என்பதே இந்த அணியின் வழி.

அந்த வழிக்குச் சோதனையும் வந்தது. 2020இல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். பெரிதாக எதையும் மாற்றாமல் பொறுத்தார்கள்; 2021இல் கோப்பை. 2022இல் பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். மீண்டும் பொறுத்தார்கள், 2023இல் கோப்பை. பொறுமை இரண்டு முறை பலன் தந்தது.

இனி பற்றுப் பக்கம். இரண்டு முறை பலித்தது மூன்றாம் முறையும் பலிக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. அதற்குள் சந்தை மாறிவிட்டது. 2023 முதல் ஆட்டத்தின் நடுவே ஒரு மாற்று ஆளை இறக்கலாம் என்ற விதி வந்தது. மற்ற அணிகள் முதல் ஓவரிலிருந்தே அடித்து ஆடும் இளைஞர்களைத் தேடிப் பிடித்து, 200 ஓட்டங்களைச் சாதாரணமாகக் கடந்தன. சென்னையோ 2024 நவம்பர் ஏலத்தில், பத்து வருடத்துக்கு முன் தன்னிடம் இருந்த 38 வயது அஸ்வினை 9 கோடியே 75 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அவர் ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட்டுகள்தான் எடுத்தார். சொந்த மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் முழுவதும் ஆடி அணி எடுத்தது 103 ஓட்டங்கள்.

ஆக, லாபம் தந்த அதே குணம்தான் நட்டத்தையும் தந்தது. மளிகைக் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாக்கில் வைத்து அளந்து விற்றே செழித்த கடைகள் பல, பாக்கெட் சரக்கு வந்த பிறகும் சாக்கை நம்பியே இருந்து நொடித்துப்போயின. அந்த முதலாளிகள் சோம்பேறிகள் அல்லர். பழைய வெற்றியே அவர்கள் கண்ணை மறைத்தது.

இந்த நட்டம் முழுவதையும் பிளெமிங் தலையில் எழுதுவது நியாயமா? ஐந்து கோப்பைக்கு தோனியையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் புகழ்ந்த நாம், பத்தாம் இடத்துக்கு மட்டும் ஒருவரைக் கைகாட்டுவது சரியான கணக்கு அல்ல. லாபத்தில் பங்கு பெற்றவர்கள் அனைவருக்கும் நட்டத்திலும் பங்கு உண்டு.

அவர் நட்டத்தை மறைக்கவும் இல்லை. சேப்பாக்கத்தில் தங்களுக்குத் தனி அனுகூலம் இல்லை, ஆடுகளத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏலத்தில் எல்லாம் சரியாகச் செய்தோம் என்று சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டார். பருவத்தின் நடுவிலேயே 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் இளைஞர் பிரெவிஸும் அணிக்குள் வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ஓட்டங்களில் வென்றார்கள். 2025 நவம்பரில் பல்லாண்டு ஆடிய ஜடேஜாவையே ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது அணி. டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு இன்னும் ஆடாத இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது. பழைய சரக்கு தேங்கிவிட்டது என்று தெரிந்ததும் கிடங்கைத் திறந்தார்கள்.

எனவே எங்கள் கணிப்பு இதுதான். ஐந்து கோப்பைகளைப் பத்தாம் இடம் அழித்துவிடாது. ஐந்து கோப்பைகள் பத்தாம் இடத்தை மூடி மறைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். ஒரு வருடம் ஆனி, ஆடியில் சாரல் பொய்த்தால் குற்றாலத்துக் கடைக்காரர் கையைக் கடிக்கும். அதற்காக அவர் அருவியைக் குறை சொல்வதில்லை. அடுத்த வருடக் கொள்முதலைத்தான் யோசிப்பார்.

நம் கடைகளிலும் இருபது, முப்பது வருடம் உழைத்த கணக்கப்பிள்ளைகளும் சரக்கு எடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு வருட நட்டத்துக்காக அவர்களை வெளியே அனுப்பும்முன் பழைய ஏடுகளையும் புரட்டுங்கள். அதே சமயம், பழையவர் சொல்கிறார் என்பதற்காக ஓடாத சரக்கை மீண்டும் மீண்டும் வாங்கவும் வேண்டாம். தவறை ஒப்புக்கொண்டு கொள்முதலை மாற்றிக்கொள்ளும் பழைய ஆள், புதிதாக வரும் எவரையும்விடக் கடைக்கு லாபமானவர்.