மீன் தொட்டியில் கரி! தண்ணீர் தெளியும், விஷம் நீங்காது!

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. கெட்ட வாடை இல்லை. வடிகட்டியில் புதுக் கரியும் போட்டாகிவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் தங்க மீன் செத்து மிதக்கிறது!

இது எப்படி?

புதிதாக மீன் வளர்க்கும் வீடுகளில் இப்படி நடப்பது உண்டு. கரி என்ன வேலை செய்யும், என்ன வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டால், இந்த மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

கொட்டாங்கச்சிக் கரி

மீன் தொட்டிக்குப் போடுவது அடுப்புக் கரி அல்ல. அதன் பெயர் 'ஆக்டிவேட்டட் கார்பன்'. வண்ண மீன்களுக்குப் பேர்போன சென்னை கொளத்தூர்க் கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

தேங்காய்க் கொட்டாங்கச்சி, மரம், நிலக்கரி ஆகியவற்றில் இருந்து இதைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கொட்டாங்கச்சியில் இருந்து இது தயாராகிறது. முதலில் கொட்டாங்கச்சியை அதிகக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குவார்கள். பிறகு அதை 800 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்கி, நீராவியைப் பாய்ச்சுவார்கள். நீராவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத கணக்கற்ற துளைகளை உண்டாக்கும்.

அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும், தெரியுமா? ஒரே ஒரு கிராம் கரிக்குச் சுமார் 1,000 சதுர மீட்டர்! அதாவது, நாலு கிரவுண்டு மனையை விடப் பெரிது!

தண்ணீர் கரியின் ஊடே போகும்போது, அதில் கலந்திருக்கும் சாயமும் நாற்றமும் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன.

யுத்தத்தில் கரி

கரி திரவங்களின் நிறத்தை நீக்கும் என்பதை 1785ல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். முதல் உலக யுத்தத்தின்போது, 1915ல், ஜெர்மன் படை குளோரின் விஷவாயுவை ஏவியது. அதே ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி ஜெலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். மனித உயிரைக் காத்த கரிதான் இன்று மீன் தொட்டிக்கு வந்திருக்கிறது.

கரிக்கு அகப்படாத எதிரி

மரக்கட்டை கிடக்கும் தொட்டியில் தண்ணீர் டீ போல நிறம் மாறும். அந்த நிறத்தைக் கரி எடுத்துவிடும். வாடையையும் எடுத்துவிடும்.

ஆனால் அம்மோனியா என்ற விஷத்தை மட்டும் இந்தக் கரியால் பிடிக்க முடியாது! மீன் விடும் கழிவிலும், தின்னாமல் அழுகும் தீனியிலும் இருந்து அது உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

அம்மோனியாவை ஒழிப்பவை நல்ல கிருமிகள். அவை வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கின்றன. அம்மோனியாவைப் படிப்படியாக மாற்றி, அதிகத் தீங்கு இல்லாத பொருளாக ஆக்குகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகச் சுமார் ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை வாங்கி விடுவது ஆபத்து!

என்ன செய்ய வேண்டும்?

கரியை முதலில் நன்றாக அலசித் தூளைப் போக்குங்கள். வலைப் பையில் கட்டி, பஞ்சுக்குப் பின்னால் வையுங்கள். அப்போதுதான் அழுக்கு அடைக்காது.

மாதம் ஒரு முறை கரியை மாற்றுங்கள். வெயிலில் காயவைத்தாலும், கொதிக்க வைத்தாலும் பழைய கரி புதுக் கரி ஆகிவிடாது. மீண்டும் சூளைச் சூடு வேண்டும். அது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல.

கரியை மாற்றும் அன்று பஞ்சையும் மாற்றாதீர்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பட்டு நல்ல கிருமிகள் சாகும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மீனுக்கு நோய் வந்து மருந்து விட்டால், முதலில் கரியை வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் மருந்தைக் கரி 'குடித்துவிடும்'. மீனுக்குப் போய்ச் சேராது! வைத்தியம் முடிந்த பிறகு புதுக் கரி போட்டால், மிச்ச மருந்தை அது எடுத்துவிடும்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கும் சொட்டு மருந்து கலந்த பிறகே ஊற்றுங்கள்.

அம்மோனியாவைக் காட்டிக் கொடுக்கும் சோதனைத் திரவமும் கடைகளில் விற்கிறது. சில சொட்டு விட்டால் போதும். நிறம் மாறி விஷத்தைக் காட்டிவிடும். கரி வாங்கப் போகிறவர்கள் அதையும் சேர்த்து வாங்கி வருவது நல்லது!