கல்மரமும் புதைகாடும்

‘பாசில்’ என்னும் சொல், தோண்டியெடுக்கப்பெற்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்தது. முற்காலத்தில் மண்ணினின்று அகழ்ந்த கனிமங்களும் அப்பெயர் பெற்றன. பின்னரே அது தொல்லுயிர்களின் எச்சத்திற்கு மட்டும் உரியதாயிற்று. தமிழில் அதனைப் புதைபடிவம் என்றும் தொல்லுயிர் எச்சம் என்றும் வழங்குகின்றோம். முன்னது பொருள் கிடந்த நிலையையும், பின்னது அதன் தோற்றுவாயையும் சுட்டும்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடப்பவற்றைக் கல்மரம் என்பர். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் படிய, மரம் தன் உள்ளமைப்பு மாறாமலே கல்லாயிற்று. ஆதலின் அப்பெயர் பொருத்தமானதே. ஆயின், அவ்விடத்தைக் ‘கல்லான காடு’ என்றல் பொருந்தாது. அங்குள்ள அடிமரங்கள் வேரும் கிளையுமின்றிக் கிடையாகக் கிடக்கின்றன. அவை வேறிடத்தில் வளர்ந்து, வெள்ளத்தால் கொணரப்பட்டு, மணலிற் புதைந்தன என்பர் நிலவியலார்.

இசுகாத்துலாந்தின் கிளாசுகோ நகரில் 1887இல் வெளிப்பட்ட 11 அடிமரங்களோ வேரூன்றிய இடத்திலேயே நிற்கின்றன. எனினும், அவை கல்லான மரங்கள் அல்ல. மரத்தின் உட்பகுதி அழிந்த வெற்றிடத்தில் மணல் நிரம்பி இறுகிய வார்ப்புகளாம்.

எனவே, திருவக்கரையில் கல்மரம் உண்டு, காடு இல்லை. கிளாசுகோவில் காடு உண்டு, கல்மரம் இல்லை. இரண்டினையும் ஒரே சொல்லால் குறிப்பின், மாணவர் ஓரிடத்தில் இல்லாத காட்டைக் கற்பித்துக்கொள்வர்; மற்றோரிடத்தில் உள்ள நிலத்தோற்றத்தைக் காணாது விடுவர். ஆதலின் பொருள் கல்லானதைக் கல்மரம் என்றும், உருவம் மட்டும் எஞ்சியதை வார்ப்பு என்றும், நின்ற நிலையில் மூடுண்டதைப் புதைகாடு என்றும் பிரித்து வழங்குதல் நன்றென நாம் கருதுகின்றோம்.