மார்க்கைக் கண்ணில் காட்டுங்கள்!



பட்டறையில் நாம் ராவிக் கொடுக்கும் ஜாபுக்கு மாஸ்டர் எப்படி மார்க் போடுகிறார்? மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். "இங்க பாரு, சந்துல வெளிச்சம் தெரியுது. இன்னும் ராவணும்டா" என்பார். மார்க் குறைந்தாலும் மனசு ஆறிவிடும். தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டோமே!

வேலைக்குப் போனபின் நம்மை அளப்பது மூலைமட்டம் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி எழுதும் பணி மதிப்பீடு. சம்பள உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவைதான்.

என் அப்பா ஒரு கம்பெனியில் ஹெல்பர். ஒரு வருஷம் மற்றவர்களுக்குக் கிடைத்த இன்கிரிமெண்டில் பாதிதான் அவருக்குக் கிடைத்தது. "என்ன சார் கொறை?" என்று கேட்டார். "ரிப்போர்ட் அப்படி வந்திருக்குப்பா" என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை அப்பா பார்த்ததே இல்லை. பணம் போனதைவிட, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாததுதான் அவரை அரித்தது.

அரசு வேலையிலும் ஒரு காலத்தில் இந்தக் கதைதான். மத்திய அரசில் இதற்குப் பெயரே ஆண்டு ரகசிய அறிக்கை. எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94ஆம் ஆண்டுக்கு 'நன்று' என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கோ ஐந்து வருஷமும் 'மிக நன்று' வேண்டும். 'நன்று' என்பது குறை இல்லையே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லால் உயர்வு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. முழு அறிக்கையையும் ஊழியருக்குத் தர வேண்டும், அவர் 15 நாளில் முறையிடலாம் என்று 2009-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. பெயரில் இருந்த 'ரகசியம்' என்ற சொல்லும் போனது.

அது அரசு ஊழியருக்கு. அப்பா போன்றவர்களுக்கு நியாயம் கிடைக்க என்ன செய்யலாம்?

ஒன்று: அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிராயிங் தராமல் ஜாப் கேட்கலாமா?

இரண்டு: நல்லதையும் கெட்டதையும் அவ்வப்போது தேதியோடு குறிக்க வேண்டும். கடைசி மாசம் நடந்த ஒரு வாக்குவாதம் பதினோரு மாச உழைப்பை மறைத்துவிடக் கூடாது.

மூன்று: எழுதியதைக் காட்டி, அவர் பதிலையும் அதிலேயே எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நான்கு: எழுதியவருக்கு மேலே உள்ள ஒருவர் இரண்டையும் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

"காட்டணும்னா எல்லாருக்கும் நல்லாத்தான் எழுதுவாங்க" என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் அந்தத் தேதிக் குறிப்பு. கையில் ஆதாரம் இருந்தால் குறையை முகத்துக்கு நேரே சொல்லலாம். அதிகாரிக்கும் சங்கடம் இல்லை.

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். நம் அப்பா வயதுள்ளவர்களுக்கு நாமே ரிப்போர்ட் எழுதுவோம். அன்றைக்கு அவர் வந்து "என்ன சார் கொறை?" என்று கேட்டால், உட்கார வைத்து, எழுதியதைக் காட்டிப் பதில் சொல்வோம்.