அந்தலூசியக் கரையில் குடும்ப விடுமுறை: கடலை அல்ல, வெயிலை முதலில் கணக்கிடுங்கள்

லண்டனிலோ பாரிஸிலோ பிள்ளைகள் வாழ்கின்ற எமது குடும்பங்களில் அண்மைக்காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "உம்மாவையும் வாப்பாவையும் வரவழைத்து, எல்லோருமாக ஒரு கிழமை ஸ்பெயினுக்குப் போய் வந்தால் என்ன?" என்பதே அது. பிள்ளைகளுக்குக் கடற்கரை, பெரியவர்களுக்குக் குர்துபாவும் அல்ஹம்ராவும். ஒரே பயணத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்தக்கூடிய இடம் என்ற வகையில் ஸ்பெயினின் தெற்கிலுள்ள அந்தலூசியாவை விஞ்சுவது கடினம்.

சில வருடங்களுக்கு முன்னர் நாங்களும் இப்படித்தான் புறப்பட்டோம். மச்சானின் பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை என்பதால் ஓகஸ்ட் மாதத்தைத் தெரிவு செய்தோம். கடற்கரைக்கு அருகில் நல்ல வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். மற்றவை எல்லாவற்றையும் அங்கு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். விளைவு, குர்துபாவில் மாலை ஐந்து மணிக்கு நிழலே இல்லாத ரோமப் பாலத்தின் நடுவில் உம்மாவுக்குத் தலைசுற்றியது. அருகிலிருந்த மருந்தகம் ஒன்றின் பெயர்ப்பலகை 42 பாகை என்று காட்டியது. அல்ஹம்ராவுக்குப் போன நாளில் அனுமதிச்சீட்டுகள் முடிந்திருந்தன. நாற்பது வருடங்களாக அதைப்பற்றி வாசித்து வந்த வாப்பா, நீதி வாயிலின் கற்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இதில் எவரையும் குறைகூற முடியாது. நாங்கள் திட்டமிட்ட ஒழுங்குதான் தவறு. அந்தத் தவறு இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

"நாங்கள் வெயில் நாட்டவர்கள்தானே"

எமது முதலாவது தப்புக்கணக்கு இதுதான். இலங்கையின் வெயிலும் அந்தலூசியாவின் வெயிலும் ஒன்றல்ல. எமது கரையோரங்களில் வெப்பம் முப்பது பாகையைச் சற்றுத் தாண்டும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியும், தாகம் எடுக்கும், நிழலைத் தேடுவோம். உள்நாட்டு அந்தலூசியாவில் காற்று உலர்ந்தது. வியர்வை வெளியில் தெரியாமலேயே ஆவியாகிவிடும். உடல் நீரை இழப்பது வயதானவர்களுக்கு உணரப்படாமலேயே போய்விடும். மயக்கம் வரும்போதுதான் தெரியும்.

அத்துடன் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மாலகா நகரில் ஓகஸ்ட் மாதத்தில் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 31 பாகை அளவில் இருக்கும். கடற்காற்று அதைத் தணிக்கிறது. ஆனால், மலைகளுக்கு அப்பாலிருந்து 'தெர்ரால்' எனப்படும் வரண்ட காற்று இறங்கும் நாட்களில் அங்கும் 40 பாகையைத் தொடும். குர்துபாவோ குவாதல்கிவிர் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கு ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பமே 36 பாகைக்கு மேல். 2021 ஓகஸ்ட் 14ஆம் திகதி குர்துபா மாகாணத்தின் லா ரம்ப்லா என்ற ஊரில் 47.6 பாகை பதிவாகியது. குர்துபாவுக்கும் செவில்லுக்கும் இடையிலுள்ள எசிகா என்ற ஊரை 'அந்தலூசியாவின் தாச்சி' என்றே அந்நாட்டவர்கள் அழைக்கின்றனர்.

கடிகாரமும் எம்மை ஏமாற்றும். மாலகா, புவியியல்படி லண்டனை விடவும் மேற்கில் உள்ளது. ஆனால், 1940ஆம் ஆண்டு ஸ்பெயின் தனது கடிகாரத்தை ஜேர்மனியின் நேரத்துக்கு மாற்றியது, பின்னர் அதிலிருந்து மீளவில்லை. கோடைகாலத்தில் மேலும் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்படுகிறது. இதனால் ஜூலை மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2.20 மணியளவில்தான். எமது நாட்டில் மாலை ஐந்து மணி என்றால் வெயில் தாழ்ந்துவிடும், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வோம். மாலகாவில் ஐந்து மணி என்பது சூரியக் கணக்கில் இரண்டரை மணியைத் தாண்டிய நேரம். உம்மா விழுந்ததும் அந்த நேரத்தில்தான்.

தொழுகை நேரங்களும் இதற்கேற்ப மாறும். ஜூன், ஜூலை மாதங்களில் ளுஹர் நேரம் பிற்பகல் 2.20க்குப் பின்னரே ஆரம்பமாகும். மஃரிப் இரவு 9.40 அளவில் வரும். இஷா பதினொரு மணியையும் தாண்டும். சிறு பிள்ளைகளுடனும் முதியவர்களுடனும் செல்பவர்கள் நாளின் ஒழுங்கை இதை வைத்தே வகுக்க வேண்டும்.

எந்த மாதம்?

ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் ஆரம்பம் வரையும், செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் இறுதி வரையும் குடும்பத்துக்கு ஏற்ற காலங்கள். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் இரண்டாவது காலமே சிறந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்ந்த நீர் ஜிப்ரோல்டர் நீரிணையூடாக இக்கரைக்கு வந்து சேர்கிறது. எனவே, ஏப்ரலில் கடல்நீர் 16 பாகை அளவிலேயே இருக்கும். எமது கடலில் குளித்துப் பழகிய பிள்ளைகள் காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். செப்டெம்பரில் கோடைச் சூட்டை உள்வாங்கிய கடல் ஓரளவு இதமாக இருக்கும். வசந்த காலத்தில் செல்வதாயின், கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஊர்வலங்களால் வீதிகள் மூடப்படும், ஹோட்டல் கட்டணங்களும் ஏறிவிடும்.

பாடசாலை விடுமுறை காரணமாக ஓகஸ்ட்டைத் தவிர வேறு வழியில்லை என்போர், குர்துபாவைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மாலகாவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். முதல் ரயிலில் சென்று, பகலுணவுக்குப் பின் திரும்பிவிடலாம். பிற்பகலில் அந்நாட்டவர்களே வெளியில் வருவதில்லை. கடைகள் இரண்டு மணியளவில் மூடி ஐந்து மணிக்குப் பின்னரே திறக்கின்றன. இதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. அது வெயிலோடு வாழக் கற்றுக்கொண்டவர்களின் ஒழுங்கு. நாமும் அந்த நேரத்தில் வீட்டில் உறங்கிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வெளியில் இறங்கலாம். அப்போது பாட்டன், பாட்டி, கைக்குழந்தை சகிதம் முழு ஊரும் சதுக்கத்தில் இருக்கும்.

அல்ஹம்ரா சீட்டு முதலில், விமானச் சீட்டு பின்னர்

கிரனாடாவின் அல்ஹம்ராவுக்கு ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரையறை உண்டு. அதன் இதயமான நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைவதற்குச் சீட்டிலேயே நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு ஒவ்வொருவரின் பெயருக்கும் கடவுச்சீட்டு இலக்கத்துக்கும் வழங்கப்படுவதால், வேறொருவரிடமிருந்து வாங்கவும் முடியாது. சிறு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். மக்கள் அதிகம் வரும் காலங்களில் வாரக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். எனவே மாதத்தைத் தீர்மானித்தவுடன், உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் அல்ஹம்ராவுக்குரிய நாளைப் பார்த்து, மற்றைய நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

முழு வளாகத்தையும் பார்க்க மூன்று மணித்தியாலங்களாவது நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் நஸ்ரித் அரண்மனைகளை மட்டும் நிதானமாகப் பார்ப்பது போதுமானது. "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை" என்ற நஸ்ரித் அரசர்களின் வாசகம் அச்சுவர்களில் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1492 ஜனவரி 2ஆம் திகதி கடைசி அரசர் அபூ அப்துல்லாஹ் நகரை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால், அந்த வாசகத்தின் கனம் அவர்களுக்கும் விளங்கும்.

குர்துபா பள்ளிவாசலைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அக்கட்டடம், 1236ஆம் ஆண்டு முதல் தேவாலயமாக இருக்கிறது. அங்கே முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதியில்லை. மிஹ்ராபின் முன் நிற்கும்போது எவருக்கும் உள்ளம் நெகிழும். ஆனால், தொழ முயன்றால் காவலர்கள் தடுப்பார்கள். 2010இல் இவ்வாறு முயன்ற வெளிநாட்டு முஸ்லிம் பயணிகள் சிலரது விடயம் பொலிஸ் வரை சென்றது. தொழுகைக்குக் கிரனாடாவில், 2003இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அல்பைசின் குன்றின் மேல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து அல்ஹம்ரா நேரெதிரே தெரியும். கரையோரத்தில் மர்பெல்லாவிலும் ஃபுவென்கிரோலாவிலும் பள்ளிவாசல்கள் உள்ளன.

எங்கே தங்குவது?

மாலகா மாகாணத்தின் கரையைக் 'கொஸ்தா தெல் சொல்', அதாவது சூரியக் கரை என்பார்கள். வாகனம் ஓட்டாத குடும்பங்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மாலகா நகரிலிருந்து விமான நிலையம், தொர்ரெமொலினோஸ், பெனல்மாதெனா வழியாக ஃபுவென்கிரோலா வரை உள்ளூர் ரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில் தங்கினால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறையும். பெயர்பெற்ற மர்பெல்லாவுக்கு ரயில் இல்லை. பஸ் அல்லது வாகனம்தான். ஆரவாரம் வேண்டாம் என்போருக்குக் கிழக்கே நெர்ஹாவும், கிரனாடா மாகாணத்தின் அல்முன்யேகரும் பொருத்தமானவை. அப்பாஸியர்களிடமிருந்து தப்பிய முதலாம் அப்துர் ரஹ்மான் 755இல் ஸ்பெயின் மண்ணில் கால்பதித்தது அல்முன்யேகரில்தான். கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

கடற்கரைகளில் மேலைத்தேய உடைப் பழக்கமே நிலவும் என்பதை அறிந்தே செல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு முன்னர் சென்றால் சனம் குறைவு, வெயிலும் தாழ்வு. முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடை குறித்து நீச்சல் தடாகங்களுக்கு அவற்றுக்கே உரிய விதிகள் இருக்கலாம். முன்பதிவுக்கு முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு

இக்கரையில் மீன் தாராளமாகக் கிடைப்பது எமக்கு ஒரு நிஃமத். மணல் நிரப்பிய பழைய படகொன்றில் விறகு மூட்டி, மூங்கில் போன்ற குச்சியில் கோத்த மத்தி மீன்களைச் சுட்டுத் தருவார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து உண்டால் பிள்ளைகளும் விரும்புவார்கள். கவனம் தேவைப்படுவது 'மரக்கறி' என்று எழுதப்பட்ட உணவுகளில்தான். கீரையிலும் அவரையிலும் பன்றித் துண்டுகளைத் தூவுவது அங்கு சாதாரணம். தக்காளியில் செய்யும் 'சல்மொரெஹோ' என்ற குளிர்ந்த சூப்பின் மேலும் தூவுவார்கள். 'ஹமோன்', 'தொசினோ', 'மந்தேக்கா' ஆகிய மூன்று சொற்களையும் மனனம் செய்துகொள்ளுங்கள். முதலாவது பன்றித் தொடை, இரண்டாவது பன்றிக் கொழுப்பு, மூன்றாவது பெரும்பாலும் உருக்கிய பன்றி நெய். 'மந்தெகாதோ', 'பொல்வொரொன்' என்ற இனிப்புகளில் வழமையாகச் சேர்ப்பது இதைத்தான். மொரோக்கோ மக்கள் வாழும் பகுதிகளில் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விசாவில் ஒரு பொறி

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா அவசியம். 2024 ஜூன் முதல் கட்டணம் வயது வந்தோருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 45 யூரோ. அதற்கும் குறைந்த வயதினருக்கு இலவசம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரங்கள் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரித்தானிய வதிவிட உரிமையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும் இவ்விசா தேவை.

தரிஃபாவிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் கப்பல் மூலம் மொரோக்கோவின் தஞ்சியருக்குப் போகலாம் என்று பலர் ஆசைகாட்டுவார்கள். உங்கள் விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டுமானதாயின், அக்கரையில் இறங்கியவுடன் அது முடிந்துவிடும். மீண்டும் ஸ்பெயினுக்குள் வர முடியாது. அத்தகைய எண்ணம் இருந்தால் பல தடவை நுழையும் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொல்வதானால், முதலில் மாதம், அடுத்து அல்ஹம்ராவின் நாள், பின்னர் விசா, அதன் பிறகே விமானமும் வீடும். நாங்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்தோம். இளையவர்கள் தவறவிட்டதை இன்னொரு வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வயதான உம்மா, வாப்பாவோடு போகும் பயணத்துக்கு இரண்டாவது தடவை என்பது எவருக்கும் நிச்சயமில்லை. எனது வாப்பா இப்போது படியேறுவதில்லை. வாயில் வரைக்கும் போனதையே இன்றும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார். உங்கள் வாப்பா இன்ஷா அல்லாஹ் உள்ளே சென்று பார்த்துவிட்டு வரட்டும்.