வேலியோரக் காய்கள்: பெற்றோர் கவனத்திற்கு

பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளுடன் சோரியாங்குப்பம் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம் நடந்துவர எண்ணியுள்ளீர்களா? பாம்புக்கு அஞ்சுவது சரியே; வேலிச் செடிகளையும் சற்றுக் கவனியுங்கள்.

ஆடுமாடு மேயாது என்பதற்காகவே காட்டாமணக்கை வேலியாக நடுகிறார்கள். ஆடு அறிந்ததைப் பிள்ளை அறியாது. அதன் பருப்பு வேர்க்கடலை போல் சுவைக்கும். கசந்திருந்தால் எந்தக் குழந்தை இரண்டாவதை வாயிலிடும்? காய் பழுத்தால் மஞ்சளாகும், உலர்ந்தால் கறுக்கும். உள்ளே பெரும்பாலும் மூன்று கரிய விதைகள் இருக்கும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி தொடங்கும்.

பொற்கொல்லர் தராசில் எடையாக இருந்த குன்றிமணி இன்னும் கொடியது. முழுதாய் விழுங்கினால் கெட்டித்தோல் பெரும்பாலும் காத்துவிடும். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அறிகுறி தோன்ற ஒரு நாள்கூட ஆகலாம். மஞ்சள் அரளி விதையோ இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

குழந்தை தின்றுவிட்டது தெரிந்தால் உப்புக்கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் அவ்வைத்தியம் தீங்கையே கூட்டும். வாயைக் கழுவிவிட்டு, மிஞ்சிய காயையும் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.