விருந்து நாளில் மாத்திரையை விடலாமா?

"இன்று உறவினர் வீட்டுத் திருமணம், சிறிது குடிக்க நேரிடும். ஆகவே மாத்திரையை இன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறேன்." மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வோர் சிலர் இவ்வாறு எண்ணுகின்றனர். இது பாதுகாப்பான வழியன்று.

ஒரு வேளை மாத்திரையை விடுவதால் மருந்து உடலைவிட்டு நீங்கிவிடாது. செர்ட்ரலின் இரத்தத்தில் பாதியளவாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஃபுளுவாக்ஸெட்டின் பல நாள்கள் தங்கும். மிர்டசபின், அமிட்ரிப்டிலின் போன்ற உறக்கம் தரும் மருந்துகளுடன் மது சேர்ந்தால் மயக்கமும் தடுமாற்றமும் மிகும். மாத்திரையை அடிக்கடி விட்டாலோ தலைச்சுற்றல், எரிச்சல், உறக்கக் கேடு தோன்றும், நோயும் திரும்பக்கூடும். மதுவோ சில மணி நேரம் மனத்தை இலேசாக்கிப் பின்னர்ச் சோர்வையே கூட்டும்.

ஆகவே, விட வேண்டியது மதுவையே, மாத்திரையை அல்ல. ஆயினும் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவரின் துணையுடன் நிறுத்த வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு: குடித்ததைக் கூறுபவரைக் கடிந்துகொண்டால் அடுத்தமுறை உண்மை வெளிவராது. குடித்த அளவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல உதவுங்கள். எழுப்பியும் எழாவிட்டாலோ மூச்சு மந்தமானாலோ ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்னும் மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.