பல கயிறும் ஒரு மீனும்

மன்னார் வளைகுடாவில் வஞ்சிரம் பிடிப்போர், ஓடும் படகின் பின்னே தூண்டிற் கயிறுகள் சிலவற்றை வெவ்வேறு நீளத்தில் விட்டு இழுத்துச் செல்வதுண்டு. வஞ்சிரத்தின் பல் மிகக் கூரியது; ஆதலின் முள்ளை அடுத்த பகுதி கம்பியாக இருத்தல் நலம். மீன் பட்டவுடன் படகை நிறுத்திவிடுதல் புதியோர் இயல்பு. அது தகாது. ஓட்டம் நின்றால் ஏனைய கயிறுகள் தளர்ந்து அமிழ்ந்து பின்னிக்கொள்ளும். பட்ட மீனும் கயிறு தளர்ந்த கணத்தில் முள்ளை உதறிவிடும். வேகத்தைக் குறைத்து நேரே செல்லுதலே நன்று.

இனி, எக்கயிற்றை முதலில் ஏற்றுவது? மீன் நெடுங்கயிற்றிற் பட்டதாயின், குறுங்கயிறுகள் அது வரும் வழியிற் கிடக்கும். அவற்றை, மீன் சாயும் பக்கத்திலிருந்து தொடங்கி, ஏற்றிவிடல் வேண்டும். குறுங்கயிற்றிற் பட்டதாயின் இடர் வேறு. அது வெருண்டு பின்னோக்கி ஓடி நெடுங்கயிறுகளைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே அவையே முதலில் வரத்தக்கன. வஞ்சிரம் இனத்தோடு திரிவதும் உண்டாதலின், மறுபக்கத்துக் கயிறொன்றைச் சிறிது நேரம் விட்டுவைப்பாரும் உளர். படகில் இருவரே இருப்பின் அவ்வாசை ஆகாதென்பது என் கருத்து.

ஏற்றிய கயிற்றைக் காலடியிற் குவிக்கலாகாது. மீன் பட்ட கயிற்றைக் கையிற் சுற்றுதல் அதனினும் கேடு. மீன் பாயுங்கால் அது விரலையே அறுத்துவிடும். இறுதியில், மீனைக் காற்று வரும் பக்கமாகவே அணைத்தல் வேண்டும். மறுபக்கத்தில் வரின், காற்றால் ஒதுங்கும் படகு மீன்மேற் சென்று, கயிறு படகின் அடியில் உராய்ந்து அறும்.